காணாமல் போன விமானிக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கலாமா?

திருநகர் மகள் | 21 செப்டம்பர் 2024, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படிப்பதோடு சரி. இன்று எனக்கே ஒரு கேள்வி. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டர். விமானம் ஓட்டியவர் இல்லை. ஓட்டுகிறவர் ஏறுவதற்கு முன்னால் அதன் உடம்பைத் தட்டித் தடவிப் பார்த்து, போகலாம் என்று சொல்கிறவர். தாம்பரத்தில் பயிற்சி. 1971 போர் வந்தபோது வடக்கே ஒரு தளத்தில் கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் அவர் கையில் இருந்தன.

எங்கள் வீட்டு வராந்தாவில் ஒரு கட்டை உண்டு. முக்கோணமாக அறுத்த வாகை மரம், மஞ்சள் பெயிண்ட், ஒரு முனையில் துளை போட்டுக் கயிறு. சின்ன வயதில் அதைக் கதவுக்கு அண்டக்கொடுக்கிற கட்டை என்றே நினைத்திருந்தேன். நிற்கிற விமானம் உருளாமல் இருக்கச் சக்கரத்துக்குக் கொடுக்கிற கட்டை அது. படையிலிருந்து கொண்டு வந்ததில்லை. அரசாங்கத்துத் திருகாணி ஒன்றைக்கூட வீட்டுக்குள் விடமாட்டார். ஓய்வு பெற்று ஊருக்கு வந்த பிறகு, மனதில் இருந்த அளவைச் சொல்லித் திருப்பரங்குன்றத்து ஆசாரி ஒருவரிடம் செய்து வாங்கினார்.

வருடா வருடம் டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு ராத்திரி அந்தக் கட்டையை வாசல்படியில் வைப்பார். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்காருவார். விடிகிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டார். அம்மா ஃபிளாஸ்கில் காபி ஊற்றி வைத்துவிட்டுப் படுத்துவிடுவாள். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. நான் கல்லூரி முடித்த வருடம் அவராகவே சொன்னார்.

போர் தொடங்கி இரண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இரவுப் பயணம். எங்கே போகிறார்கள் என்று கீழே நிற்கிறவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். விமானி வந்து எஃப்-700 பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அதுவரை விமானம் அப்பாவுடைய ஆட்களின் பொறுப்பு, போட்ட பிறகு விமானியின் பொறுப்பு. திரும்பி வந்து இறங்கியதும் மறுபடி ஒரு கையெழுத்து. அன்றைக்குக் குளிரில் விமானியின் பேனா எழுதவில்லை. அப்பா தன் சட்டைப்பையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவை நீட்டினார். சாப் (விமானியை அப்பா அப்படித்தான் சொல்வார்) கையெழுத்துப் போட்டார், ஏதோ யோசனையில் அந்தப் பேனாவைத் தன் ஓவரால் பையில் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். வந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா வாயைத் திறக்கவில்லை.

கான்பெராவின் எஞ்சினைத் தோட்டா வைத்துத்தான் கிளப்புவார்களாம். பட்டென்று வெடிச் சத்தம், கறுப்புப் புகை, கந்தக நெடி. அது அடங்கியதும் சாப் கையைக் காட்டினார். அப்பா கட்டையை இழுத்தார். அவ்வளவுதான்.

மற்ற விமானங்கள் வந்து சேர்ந்தன. இவருக்கு ஒதுக்கிய இடம் மட்டும் காலியாக இருந்தது. எரிபொருள் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் கடந்து இரண்டு மணி நேரம் ஆகியும் அப்பா கட்டையோடு அங்கேயே நின்றாராம். சார்ஜண்ட் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நகர்ந்தார். பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் இரண்டாவது கையெழுத்து விழவே இல்லை.

இப்போது கேள்விக்கு வருகிறேன். அப்பா 2022இல் காலமாகிவிட்டார். போவதற்கு நாலு நாள் முன்னால் தம்பியைக் கூப்பிட்டு, “அடுத்து திதி கொடுக்கும்போது சாப்புக்கும் ஒரு கை தண்ணி விட்ருடா” என்றார். வருகிற அக்டோபர் 2 மகாளய அமாவாசைக்குத் தம்பி திருப்புவனம் போகிறான். அப்பா சொல் தட்டக்கூடாது, செய்துவிடலாம் என்கிறான். எனக்கு மனசு ஒப்பவில்லை. அப்பா ஐம்பது வருடம் தாத்தா பாட்டிக்கு அதே திருப்புவனத்தில் தண்ணீர் இறைத்தார், சாப்புக்கு ஒரு நாளும் இறைக்கவில்லை. அவர் இறந்தார் என்று யாரும் சொல்லவில்லை. காணவில்லை என்றுதான் சொன்னார்கள்.

பெரியவர்கள் சொல்லுங்கள்.

வைகைக் கரையோரம் | 21 செப்டம்பர், இரவு 10.15

படித்து முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன் அக்கா. என் எண்ணத்தில், அப்பா கடைசியாகச் சொன்னதுதான் கணக்கு. செய்துவிடுங்கள். ஒரு கை தண்ணீரில் யாருக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது?

திருப்புவனத்தான் | 22 செப்டம்பர், காலை 6.05

அம்மா, எங்கள் வீட்டில் இதுவே தொழில், அதனால் முறையைச் சொல்கிறேன். இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசை பொதுவான நாள். சொந்தம் இல்லாதவருக்கும் செய்யலாம். சிநேகிதர், குரு, எஜமானர் என்று காருணிகர் வரிசையே தனியாக இருக்கிறது. அந்த வகையில் தடை ஏதும் இல்லை.

ஆனால் காணாமல் போனவர் விஷயம் வேறு. பன்னிரண்டு வருடம் தகவல் இல்லையென்றால், தர்ப்பையால் உருவம் செய்து, அதற்குத் தகனம் முதலான காரியங்களை முடித்து, அப்புறம்தான் பிதிர்க்கடன். அதைச் செய்ய வேண்டியவர்கள் அவருடைய மனைவி மக்கள், பங்காளிகள். அவர்கள் செய்தார்களா என்பது உங்களுக்குத் தெரியாது. செய்யாமல் காத்திருந்தால், நடுவில் நீங்கள் போய் எள்ளை இறைப்பது முறையா என்று கேட்டால் நான் தயங்குவேன்.

பேரையூர் வாரண்ட் | 22 செப்டம்பர், காலை 11.30

மகளே, நான் விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றவன். உன் அப்பாவுக்கு எட்டு வருடம் இளையவன் நான். 1971ஐப் பார்க்கவில்லை, ஆனால் அதைப் பார்த்தவர்களின் கீழே வேலை கற்றேன். கான்பெராவிலும் இருந்திருக்கிறேன். 1957இல் நம் படைக்கு வந்த விமானம் அது, 2007இல் ஆக்ராவில் விடைகொடுத்தார்கள். ஐம்பது வருடம் உழைத்த இரும்பு.

ஒன்று சொல்ல வேண்டும், கோபித்துக்கொள்ளாதே. நீ எழுதியதில் விமானி மட்டும்தான் இருக்கிறார். கான்பெராவில் இரண்டு பேர். பி.ஐ.58 ரகத்தில் விமானி மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் இருப்பார். நேவிகேட்டர் கீழே மூக்குப் பக்கம். குண்டு போடும் நேரத்தில் குப்புறப் படுத்துக் கண்ணாடி வழியாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். விமானிக்கு வெளியே தூக்கி எறிகிற இருக்கை உண்டு. நேவிகேட்டருக்கு அது கிடையாது. பாராசூட்டைக் கட்டிக்கொண்டு பக்கவாட்டுக் கதவைத் திறந்து தானே குதிக்க வேண்டும். தாழப் பறக்கும்போது அடிபட்டால் அதற்கெல்லாம் நேரம் ஏது?

தனக்கு மட்டும் வெளியேற வழி இருக்கிறது, கூட இருக்கிறவனுக்கு இல்லை என்று தெரிந்தே ஒவ்வொரு ராத்திரியும் ஏறிப் போனவர்கள் கான்பெரா விமானிகள். அந்த மனிதரை நினைக்கும்போது அவருக்குக் கீழே படுத்திருந்தவரையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

கட்டை விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வேலையில் ஒரு பழக்கம். வெளியே போன விமானம் இறங்கும் முன் உன் ஷிஃப்ட் முடிந்தால், அடுத்தவனிடம் இன்ன எண் இன்னும் வரவில்லை என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் போகலாம். சொல்லாமல் போனால் குற்றம். உன் அப்பா கடைசியில் உன் தம்பியைக் கூப்பிட்டார் என்றாயே, எனக்கு அந்த ஞாபகம்தான் வந்தது.

திருநகர் மகள் | 22 செப்டம்பர், பிற்பகல் 3.10

ஐயா, கோபமே இல்லை. நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது, உண்மை என்பதால். அப்பா அவரைச் சின்ன சாப் என்பார். முறுக்கு மீசை, இருபத்தைந்து வயது இருக்கும், அப்பாவிடம் மதுரை மல்லிகையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டுப் பேச்சில் பெரிய சாப்பே நிறைந்துவிட்டார், இவர் ஓரத்தில் நின்றுவிட்டார். இருக்கை விஷயத்தை அப்பா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்காது. அந்த இருக்கையின் பாதுகாப்பு ஊசிகளை எண்ணிச் சரிபார்ப்பதைப் பற்றி மட்டும் நிறையச் சொல்லியிருக்கிறார்.

பெயர்களை நான் இங்கே எழுதாததற்குக் காரணம், அவர்கள் வீட்டாரைக் கேட்காமல் எழுத எனக்கு உரிமை இல்லை என்பதுதான்.

நெல்பேட்டை வாசகன் | 22 செப்டம்பர், மாலை 5.45

எங்கள் முஸ்லிம்கள் பக்கத்தில், இறந்தவருக்காக உடல் இல்லாமல் தொழுகிற காயிப் ஜனாஸா ஷாஃபி மத்ஹபில், அதாவது ஷாஃபி சட்ட வழியில், உண்டு, ஹனஃபியில் இல்லை. உண்டு என்கிறவர்களும் மரணம் உறுதியாகத் தெரிய வேண்டும் என்பார்கள். உறுதி இல்லாதவருக்கு ஜனாஸா கிடையாது, துஆ உண்டு. காணாமல் போனவரை அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட்டு, அவர் எங்கே இருந்தாலும் அவருக்கு நலம் கேட்பது. அந்த வாசல் எப்போதும் திறந்திருக்கிறது.

மேலமாசி வீதி | 22 செப்டம்பர், இரவு 8.20

கட்டை என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தாத்தா சித்திரைத் தேருக்குக் கட்டை போட்டவர். வெளியூர்க்காரர்களுக்குத் தேர் என்றால் வடம் இழுக்கிற கூட்டம்தான் கண்ணுக்குத் தெரியும். மாசி வீதி முக்கில் தேரைத் திருப்புவது, வேகம் பிடித்தால் நிறுத்துவது, எல்லாம் சக்கரத்துக்குப் பக்கத்திலேயே ஓடுகிற கட்டைக்காரர் கையில். அத்தனை பெரிய சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை எடுக்க வேண்டும். தாத்தாவுக்கு வலது கையில் ஒரு விரல் நசுங்கியே இருக்கும்.

தேர் நிலைக்கு வந்து சேராமல் கட்டையைக் கீழே வைக்கக்கூடாது என்பார். மழை பெய்து தேர் பாதியில் நின்றாலும் கட்டைக்காரர் அங்கேயேதான் நிற்க வேண்டும். உங்கள் அப்பா மதுரைக்காரர். அது அவருக்கு ரத்தத்தில் இருந்திருக்கும் அக்கா.

பாம்பன் காற்று | 23 செப்டம்பர், இரவு 12.50

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன். இப்போது மகனோடு மதுரையில் இருக்கிறேன், ஊர் பாம்பன். என் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்ப் பதினாறு வருடம். படகும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை.

ஊரில் முதல் மாதம் சோறு கொடுத்தார்கள். ஆறாவது மாதம் வெள்ளைச் சேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். வங்கியில் அவர் பெயரில் இருந்த பணத்தை எடுக்க முடியவில்லை. எந்த மேசைக்குப் போனாலும் சடலம் இல்லாமல் சான்றிதழ் இல்லை, ஏழு வருடம் கழித்து வா என்றார்கள். ஏழு வருடம் நான் விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. மகன் படிப்புக்காகக் கடைசியில் வழக்குப் போட்டு அந்தத் தாளை வாங்கினேன். கையெழுத்துப் போட்ட அன்று வீட்டுக்கு வந்து சமைக்கவில்லை. கடல் கொன்றதோ இல்லையோ, நான் கொன்றுவிட்டேன் என்றுதான் தோன்றியது.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எங்கள் ஊரில் எல்லோரும் கல்லறைக்கு மெழுகுவர்த்தி எடுத்துப் போவார்கள். நான் கரைக்குப் போவேன். காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. அதனால் அரிக்கேன் விளக்கு.

தங்கச்சி, அந்த விமானிக்கும் மனைவி இருந்திருப்பாள். எங்கேயோ ஒரு ஊரில் கிழவியாகி, இன்னும் நெற்றியில் பொட்டு வைத்துக்கொண்டிருக்கலாம். அவளைக் கேட்காமல் நீங்கள் எள்ளை இறைக்காதீர்கள். உங்கள் அப்பா நல்ல மனிதர், அவர் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அந்த உரிமை அவருக்கும் கிடையாது.

வைகைக் கரையோரம் | 23 செப்டம்பர், காலை 7.30

அம்மா, முந்தாநாள் ஒரு கை தண்ணீரில் என்ன குறை என்று எழுதியவன் நான்தான். அதைத் திரும்பப் பெறுகிறேன்.

வழக்குமன்ற வாசல் | 23 செப்டம்பர், காலை 10.00

சட்டத்தைப் பற்றி ஒரு வரி மட்டும். 1872ஆம் வருடச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவுதான் அந்த ஏழு வருடக் கணக்கு. புதிய சட்டத்திலும் அப்படியே இருக்கிறது. ஏழு வருடமாக, தெரிந்திருக்க வேண்டியவர்களுக்கு ஒரு தகவலும் இல்லையென்றால் இறந்ததாக அனுமானிக்கலாம், அவ்வளவுதான். எந்த நாளில் இறந்தார் என்பதை அந்தப் பிரிவு சொல்லாது. திருப்புவனத்து ஐயா சொல்கிற திதி சட்டத்திலும் கிடைக்காது என்பது இதைப் படிக்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

பாம்பன் அம்மாவுக்கு: அந்தத் தாளில் நீங்கள் போட்ட கையெழுத்து உங்கள் மகனுக்காக. அதை மனதில் இப்படி ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

பேரையூர் வாரண்ட் | 23 செப்டம்பர், மதியம் 1.15

பாம்பன் தங்கச்சி சொன்னது கற்பனை இல்லை. தமயந்தி தாம்பே என்று ஒருவர், தேசிய பேட்மிண்டன் சாம்பியன். கணவர் சுகோய்-7 ஓட்டியவர், 1971 டிசம்பர் 5 அன்று எல்லைக்கு அப்பால் வீழ்த்தப்பட்டார். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. அதன் பிறகு அந்த அம்மா தேடினார், தேடினார், இத்தனை வருடமும் தேடினார். பெயரைப் பாருங்கள், தமயந்தி.

இப்படிக் கணக்கில் வராதவர்கள் 54 பேர் என்பார்கள். 1979இல் நாடாளுமன்றத்தில் 40 பேர் கொண்ட பட்டியலையே அரசு வைத்தது. பாகிஸ்தான் தன்னிடம் யாரும் இல்லை என்றே சொல்லி வருகிறது. 1983இலும் 2007இலும் உறவினர்கள் அங்கே போய்ச் சிறைகளில் தேடிப் பார்த்தார்கள், வெறும் கையோடு திரும்பினார்கள். 93,000 பாகிஸ்தான் கைதிகளை நாம் வைத்திருந்தபோது நம் ஆட்கள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும் என்ற கோபம் எங்கள் ஆட்களிடம் இன்றும் இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, மறைக்கவில்லை.

திருநகர் மகள் | 23 செப்டம்பர், மாலை 6.40

ஐயா, நீங்கள் சொன்னதும் இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1972 டிசம்பரில் நம் கைதிகள் வாகா வழியாகத் திரும்பியபோது, அப்பா மெஸ் ரேடியோவை விட்டு நகரவில்லையாம். அதற்கு முன்னால் ஆகஸ்டில் ராவல்பிண்டி முகாமில் சுவரைக் குடைந்து மூன்று விமானிகள் தப்பித்து, ஆஃப்கன் எல்லைக்குப் பக்கத்தில் போய் மாட்டிக்கொண்டார்கள் அல்லவா? அந்தச் செய்தி தெரிந்ததும் ஒருவர் நம் சாப் ஆகத்தான் இருக்கும் என்று மூன்று நாள் நம்பியிருக்கிறார். பெயர்கள் தெரிந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டாராம்.

பாம்பன் அக்கா, உங்கள் பதிவைத் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவன் பதில் பேசவில்லை.

சயாம் பேரன் | 25 செப்டம்பர், இரவு 9.00

மேலூர் பக்கம் எங்கள் ஊர். என் பாட்டனார் மலேயா ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். 1943இல் ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனான். அதோடு சரி.

2015இல் வேலைக்காகச் சிங்கப்பூர் போனபோது கிராஞ்சி நினைவிடத்துக்குப் போனேன். கல்லறை இல்லாதவர்களின் பெயர்கள் சுவர் சுவராக, 24,000க்கும் மேலே. இந்தப் பக்கத்துக் கடலிலும் காட்டிலும் விழுந்து திரும்பாத விமானிகள் அதில் நிறைய. மேற்கூரையே விமான இறக்கை மாதிரிக் கட்டியிருக்கிறார்கள். இந்தியப் பெயர்கள் வரும் தூண்களின் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். சிப்பாய், நாயக், ஹவில்தார். என் பாட்டனார் படையில் இல்லை. கூலி. அவர் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அந்த 415 கிலோமீட்டர் பாதையில் செத்த ஆசியக் கூலிகள் எண்பதாயிரமா தொண்ணூறாயிரமா என்றுகூட ஒரே கணக்கு இல்லை. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்கு ஆளுக்கொரு கல் வைத்துப் புல் வெட்டிப் பராமரிக்கிறார்கள். வைக்கட்டும், அது நியாயம். எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

எங்கள் வீட்டில் பாட்டி என்ன செய்தாள் தெரியுமா? மூங்கில் பெட்டியில் ஒரு வேட்டியும் துண்டும் மடித்து வைத்து, வருடம் ஒரு தடவை புதுசு மாற்றிக் கும்பிட்டாள். திதி இல்லை, எள் இல்லை. கும்பிட்டு முடித்ததும் பழைய வேட்டியை என் அப்பாவுக்குக் கொடுப்பாள். திரும்பி வந்தால் கட்டிக்கொள்ளவும் ஆகும், சாமியாகிவிட்டால் படையலுக்கும் ஆகும். அவள் எந்தப் பக்கமும் சாயவில்லை.

கல்லும் எழுத்தும் | 26 செப்டம்பர், காலை 8.45

சயாம் பேரன் எழுதியதைப் படித்ததும் வைகைக்கரை நினைவு. ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்று ஓர் ஊர். 2006இல் அங்கே கிடைத்த நடுகற்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முந்தைய காலத்தவை, தமிழ்ப் பிராமி எழுத்து. ஒன்றில் “கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்” என்று இருக்கிறது. கூடலூரில் நடந்த மாடுபிடிச் சண்டையில் விழுந்த தீயன் அந்தவனின் கல். எந்த ஊர், என்ன சண்டை, யார் ஆள் என்ற மூன்றும் ஒரு வரியில் அடங்கிவிடுகின்றன. கல்லுக்கு அடியில் உடல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அந்த ஆளின் பெயரை நான் இங்கே தட்டச்சு செய்ய முடிகிறது. சகோதரி, எள்ளா இல்லையா என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். ஆனால் உங்களுக்குத் தெரிந்ததை, அந்தப் பேனா உட்பட, தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பிறகு அது யாருக்கும் தெரியாது.

பெருங்குடி | 26 செப்டம்பர், இரவு 7.10

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து மதுரை விமான நிலைய ஓடுதளம் தெரியும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வெள்ளைக்காரன் விமானப்படை போட்ட தளம் அது. இனிமேல் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்று இறங்கினால் உங்கள் அப்பா நினைவு வரும்.

வைகைக் கரையோரம் | 1 அக்டோபர், காலை 9.20

செய்தி பார்த்தீர்களா அக்கா? ரோத்தங் பக்கம் பனியில் நாலு உடல்கள் கிடைத்திருக்கின்றன. 1968 பிப்ரவரி 7 அன்று சண்டிகரிலிருந்து லே போன ஏஎன்-12, 102 பேரோடு காணாமல் போனதே, அந்த விமானத்தில் இருந்தவர்கள். 2003இல்தான் விமானமே முதலில் கண்ணில் பட்டது. இப்போது கிடைத்தவர்களில் ஒருவர் கேரளத்துக்காரர், பத்தனம்திட்டா. 56 வருடம். வீட்டில் தம்பி தங்கைகளெல்லாம் கிழவர்களாகிவிட்டார்கள். அவர் மட்டும் இருபத்திரண்டு வயதிலேயே வருகிறார்.

என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. நாளை அமாவாசை, உங்களுக்குத் தெரியட்டும் என்றுதான்.

திருப்புவனத்தான் | 1 அக்டோபர், காலை 11.00

நாளை விடிகாலை நாலு மணியிலிருந்து கூட்டம் நெருக்கும் அம்மா. தம்பியை ஐந்துக்கெல்லாம் வந்துவிடச் சொல்லுங்கள். எள், பச்சரிசி, தர்ப்பை எல்லாம் இங்கேயே கிடைக்கும்.

திருநகர் மகள் | 3 அக்டோபர், இரவு 8.30

தம்பியோடு நானும் போனேன். எல்லோரும் கேட்டிருந்ததால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

வைகையில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுப் பறித்தது போலக் கொஞ்சம், மற்றபடி குழாய்த் தண்ணீரைத்தான் அண்டாவில் பிடித்து வைத்திருந்தார்கள். ஒரு பந்தலுக்கு இருபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முதலில் அப்பா பெயர், தாத்தா, அவருக்கு மேலே. அம்மா வழி. தம்பி எள்ளை எடுத்து இறைத்துக்கொண்டே வந்தான். முடிந்ததும் சாமி, வேறு யாருக்காவது உண்டா என்று கேட்டார். தம்பி உண்டு என்றான். பெயரைச் சொன்னான். கோத்திரம் தெரியாது என்றான். சரி, பரவாயில்லை என்றார். எப்போது காலமானார் என்று கேட்டார்.

தம்பியின் கை தர்ப்பையோடு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார்கள். சாமி மறுபடி கேட்டார்.

“காலமாகலை சாமி. போனவர் இன்னும் வரலை.”

அந்தப் பெரியவர் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தார். திட்டுவாரோ என்று பயந்தேன். “வராதவருக்கு இங்க வேலை இல்லப்பா, எந்திரி” என்றார், ரொம்பத் தணிவாக. தம்பி கையிலிருந்த எள்ளைத் திரும்பத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தான்.

வரும் வழியில் பஸ்ஸில் அவன் கேட்ட ஒரே கேள்வி, அந்த ஆசாரி இன்னும் இருக்கிறாரா என்பதுதான்.

பாம்பன் காற்று | 3 அக்டோபர், இரவு 11.15

தம்பி நல்லா இருக்கணும்.

பேரையூர் வாரண்ட் | 4 அக்டோபர், காலை 6.00

கட்டையின் அளவு தெரியாவிட்டால் என்னைக் கேள் மகளே. கையில் அளந்து சொல்கிறேன்.

திருநகர் மகள் | 6 டிசம்பர் 2024, காலை 10.20

முந்தின பதிவுகளையெல்லாம் மறுபடி படித்துவிட்டு வருகிறேன். நோட்டில் எழுதி முடித்தாயிற்று, பதினெட்டுப் பக்கம் வந்தது. பேனா விஷயத்துக்கு மட்டும் ஒரு பக்கம்.

ஆசாரி இல்லை, அவர் மகன் இருக்கிறார். வாகை கிடைக்கவில்லை, வேம்பில் செய்து கொடுத்தார். பேரையூர் ஐயா போனில் சொன்ன அளவுக்கு ஒரு நூல் பிசகவில்லை. மஞ்சள் பெயிண்டைத் தம்பியே அடித்தான். இப்போது இரண்டு கட்டைகள், இது சின்ன சாப்புக்கு.

நேற்று ராத்திரி இரண்டையும் படியில் வைத்தோம். அப்பாவின் நாற்காலியில் தம்பி உட்கார்ந்தான், நான் பக்கத்தில் ஸ்டூலில். பழைய கட்டையின் கயிறு அவன் கையில், புதியது என் கையில். பதினோரு மணிக்கு அம்மா ஃபிளாஸ்க் கொண்டு வந்து வைத்தாள். இந்த முறை அவள் உள்ளே போகவில்லை, பாயை வராந்தாவில் விரித்துக்கொண்டாள். பனி கொட்டியது. இரண்டு மணி இருக்கும், தம்பி சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். புதிதாக வாங்கிய பால்பாயிண்ட் பேனா ஒன்று அதில் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நாலரைக்குப் பால்காரர் வந்தார். மூன்று பேரும் விழித்திருப்பதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை நிறுத்தி, “என்னம்மா, யாரும் ஊர்லேர்ந்து வர்றாங்களா?” என்றார்.

“ஆமாண்ணே” என்றான் தம்பி.